குங்குமம் வைத்த பாட்டில்

அன்றைக்கு அந்தப் பசுமைக்குடிலில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன், மேகலா. நாளைக்கு வராத ஒருவர் நானும் இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, பார். நீ இருந்தாய், செடிக்கு நேர் முன்னால், உதட்டைக் கடித்துக்கொண்டு. உனக்கு வலப்பக்கம் உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான சரோஜா மேடம், போட்டோவுக்கென்று மாம்பழ நிறப் பட்டுச்சேலை உடுத்தியிருந்தார். எதிரில் வேலுச்சாமி சார், உன் வேலையைச் சோதித்துப் பார்க்க வேறொரு கல்லூரியிலிருந்து வருகிற பெரியவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் காயை மோந்து பார்க்கிற மாதிரி குனிந்திருந்தார். உன்னோடு வேலை செய்கிற ஷர்மிளா செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தாள். அழுதுகொண்டே எடுத்ததில் அத்தனையும் ஆடிப்போயிருந்தது. எலக்ட்ரீசியன் ஆறுமுகம் உள்ளே வரலாமா கூடாதா என்று கதவோரம் ஒட்டி நின்றார். உன் வீட்டுக்காரர் செந்தில், அவர் தோளில் என் பேத்தி யாழினி. அப்புறம் நான். வேறு யாரும் இல்லை.

காய்ந்து பழுப்பேறிய அந்த ஒரு காயை நீ இரண்டு விரலால் மெல்ல அழுத்தினாய். டப்பென்று திருகிக்கொண்டு பிளந்து விதை உன் உள்ளங்கையில் உருண்டது. தட்டையாக, மண் நிறத்தில், நம் வீட்டு டப்பாவில் கிடக்கிற அதே கொள்ளு. வேலுச்சாமி சார் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொள்ளேதானுங்க!" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டோம். சிரிக்காமல் என்ன செய்வது? சந்தையில் மூட்டை மூட்டையாகக் கொட்டிக் கிடக்கிற சாமானை ஒரு பெரிய மனிதர் தங்கத்தைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார். ஆனால் அந்த விதையின் தாய்ச்செடி விதையிலிருந்து வந்ததில்லை. ஒரு இலையைச் சீவி, அதிலிருந்து பிரித்தெடுத்த ஒரே ஒரு செல்லிலிருந்து வந்தது. கண்ணுக்கே தெரியாத ஒரு பொட்டிலிருந்து வேர், தண்டு, இலை, பூ, காய், விதை என்று முழுசாக வந்தது. இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது, கண்ணு.

அடுத்த வாரம் நீ ஹைதராபாத் போகிறாய். உனக்கென்று தனி ஆய்வுக்கூடம், உனக்குக் கீழே நாலைந்து பிள்ளைகள், அவர்கள் உன்னை மேடம் என்று கூப்பிடப் போகிறார்கள். அதை நினைத்து நான் வீதியில் எதிர்ப்படுகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துக் கிடக்கிறேன். சொல்ல வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. நேரில் ஆரம்பித்தால், "அம்மா, மறுபடியுமா" என்று எழுந்து போய்விடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்துப் பிழைகளை ஷர்மிளா திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். இதில் ஒளித்து வைக்க ஒன்றும் இல்லை, யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

நீ இந்த வேலையில் சேர்ந்தபோது சோமனூரில் நம் வீதியே ஒரு கேள்வியைத்தான் கேட்டது. "ஏனுங்க்கா, கொள்ளை மண்ணுல வீசிப்போட்டா அதும்பாட்டுக்கு மொளைக்குது. அதையப் பாட்டில்ல மொளைக்க வெக்கறதுக்கா இத்தனை படிப்பு?" உன் அத்தை இன்னும் ஒரு படி மேலே போய், பிற்பாடு உன் கல்யாணப் பந்தியில், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "குதிரைக்குப் போடற கொள்ளுக்கு ஏசி ரூமாமா!" என்றாள். அப்போது அவள் இலையில் இரண்டாவது ஜாங்கிரி இருந்தது. எனக்கு எதுவும் மறப்பதில்லை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் நீ சேர்ந்த புதிதில் விளங்கவில்லை. நீதான் தறிக் குடோனில் வேலை பார்த்த எனக்குத் தெரிந்த சாமானை வைத்து விளங்கவைத்தாய். "அம்மா, நெய்து முடிச்ச துணியில சாயத்தைப் பூசினா என்னாகும்?" என்றாய். "திட்டுத் திட்டா நிக்கும்" என்றேன். "நூல்லயே சாயம் போட்டுட்டு நெய்தா?" "துணி பூரா ஒரே நிறம்." "அதேதாம்மா. கொள்ளுக்காட்டுல மஞ்ச நோய் உழுந்தா காடே போயிருது. அந்த நோயைத் தாங்கற குணத்தை ஒரு செல்லுக்குள்ள வெச்சு, அந்த ஒரு செல்லுல இருந்தே முழுச் செடியையும் கொண்டாந்தாத்தான் வேர்ல இருந்து விதை வரைக்கும் அந்தக் குணம் இருக்கும். பொகையிலை, கேரட்டெல்லாம் அப்படி வரச் சொன்னா வந்துருது. இந்தப் பயறு சாதி மட்டும் வரமாட்டேன்னு அடம்புடிக்குதும்மா." அடம் பிடிக்கிறதா, அப்படியென்றால் நம் வீட்டுப் பெண்ணுக்கு ஏற்ற வேலைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் என்னைக் கூட்டிப்போய் மைக்ரோஸ்கோப்பில் காட்டினாய். அதைச் சொல்லாமல் விடமாட்டேன். இலையைச் சன்னமாகச் சீவி ஒரு நீரில் ஊற வைத்திருந்தாய். பப்பாளிப் பால் தடவினால் கறி மெத்தென்று ஆகிறதே, அந்த மாதிரி, செல்லைச் சுற்றியிருக்கிற சுவரை மட்டும் தின்றுவிடுகிற நீர். நான் கண்ணை வைத்தேன். முதலில் என் இமை முடிதான் தெரிந்தது. அப்புறம் நீ ஏதோ ஒன்றைத் திருகினாய், பார்த்தால் பச்சைப் பச்சையாக உருண்டைகள், வெந்த ஜவ்வரிசிக்குள் பச்சை மிளகைத் தூவிவிட்ட மாதிரி மிதந்துகொண்டிருக்கின்றன. இலைக்குள் இருக்கும்போது செங்கல் அடுக்கின மாதிரி நீட்டுவாக்கில் இருக்குமாம். அந்தச் சுவர்ச் சட்டையைக் கழற்றியதும் உருண்டையாகிவிடுகிறது. சுற்றியுள்ள நீரில் சர்க்கரை குறைந்தால் வெடித்துவிடும், கூடினால் சுருங்கிவிடும் என்றாய். நீ சொல்லி வாய் மூடவில்லை, என் கண் முன்னாலேயே ஒன்று வெடித்துப் பச்சைத் துகளாகச் சிதறியது. "அய்யோ சாமீ, செத்துப்போச்சு!" என்று நான் கத்தினதில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். நீ சிரித்துக்கொண்டே, "ஒண்ணுமில்லைங்க, அம்மா ஒரு செல்லுக்கு எழவு எடுக்கறாங்க" என்றாய்.

சட்டையில்லாத அந்த உருண்டை தானாகவே திரும்பச் சுவர் கட்டிக்கொள்ளும், இரண்டாகும், நாலாகும், பிறகு புளித்த மாவு பொங்கின மாதிரி வெளிறிய கட்டியாகும். அதுவரை வருவது. அதற்கு மேல்தான் வம்பு. கட்டி பெருத்துக்கொண்டே போகும், இலை விடாது. கொஞ்ச நாளில் பழுத்து, கருத்து, போய்விடும். நீ எதையோ கூட்டுவாய், எதையோ குறைப்பாய், மறுபடியும் முதலிலிருந்து இலையைச் சீவுவாய். இப்படியே வருஷங்கள் போயின. நடுவில் உனக்குக் கல்யாணம் ஆயிற்று, யாழினி பிறந்தாள். தொட்டிலை ஆட்டிக்கொண்டே கட்டி ஏன் கருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருப்பாய். ஒரு நாள் மத்தியானம் போன் வந்தது. எடுத்ததும் உன் மூச்சுதான் கேட்டது. யாருக்கு என்ன ஆயிற்றோ என்று நினைத்துவிட்டேன். அப்புறம் சொன்னாய்: "அம்மா, கட்டியில பச்சையாப் புள்ளி தெரியுதும்மா. நுனி வெக்குது." அன்றைக்கு நான் வீதி முழுக்கக் கேசரி கொடுத்தேன். உன் அத்தைக்கும் கொடுத்தேன், அவள் வீட்டுக்குக் கொஞ்சம் சின்னக் கிண்ணத்தில்.

இனிதான் ஆயுதபூஜை. நம் ஊரில் ஆயுதபூஜை என்றால் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இதைப் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். லேத்துப் பட்டறை, தறிக் குடோன், மோட்டார்க் கம்பெனி, ஆட்டோ ஸ்டாண்டு, எதுவாக இருந்தாலும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மெயின் சுவிட்சை இறக்கி, பொரி கடலை கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நாம் வருஷம் முழுக்க ஓட்டுகிற மிஷினுக்கு அது ஓய்வு. அதைத் தொட்டால் பாவம். உன் ஆய்வுக்கூடத்திலும் அப்படித்தான். அந்த வருஷம் பூஜைக்குப் பின்னால் ஞாயிறும் சேர்ந்து வந்தது. முந்தின நாள் சாயங்காலம் நாம் இரண்டு பேரும் காந்திபுரம் போய்ப் பூஜைச் சாமான் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவதாக இருந்ததால் நான் உன்னைக் கூப்பிட அங்கே வந்திருந்தேன். உன் அறை வாசலில் நீயும் மேடமும் நின்று பேசினீர்கள். நான் உங்களுக்குக் கை எட்டும் தூரத்தில் இருந்தேன்.

"மேடம், பாட்டில் வெச்சிருக்கற ரூமோட லைனையும் சேத்து ஆஃப் பண்ணிருவாங்களோன்னு பயமா இருக்குங்க. பச்சை வந்த ரெண்டு பாட்டிலை மட்டும் நான் ஊட்டுக்குக் கொண்டு போகட்டுங்களா?" என்று நீ கேட்டாய்.

மேடம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "ஆறுமுகத்துகிட்ட அந்த லைனை விட்டுறச் சொல்லியிருக்கறேன். இருந்தாலும்... சட்டப்படி கூடாது மேகலா. சரி, கொண்டு போ. நான் சொன்னேன்னு வெச்சுக்க." அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்து, "உங்க பொறுப்புங்க, அம்மா" என்றார். "என்ற உசுராட்டப் பாத்துக்கறேனுங்க" என்றேன். இதில் ஒரு எழுத்தும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

பஸ்ஸில் அந்த இரண்டு பாட்டிலையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். உட்கார இடம் கொடுத்த பெண், "ஊறுகாயுங்களா?" என்று கேட்டாள். வீட்டில் டியூப்லைட்டுக்குக் கீழே, யாழினி கைக்கு எட்டாத பலகையில் வைத்தோம். மறுநாள் பூஜைக்கு எல்லா ஆயுதத்தையும் வரிசையாக வைத்தேன்: செந்திலின் ஸ்கூட்டர் சாவி, என் அரிவாள்மனை, இஸ்திரிப் பெட்டி, பேத்தியின் சிலேட்டு. உன் ஆயுதம் எது? அந்தப் பாட்டில்தானே! ஒன்றை எடுத்து வைத்து, சந்தனம் தொட்டு, அதன் மேல் குங்குமம் வைத்தேன். நீ அலறிக்கொண்டு வந்தாய். "அம்மா, அதுக்கெல்லாம் வெக்காதேன்னு சொன்னனல்ல!" "வெளியிலதான வெச்சேன், உள்ளுக்குள்ளயா வெச்சேன்?" என்றேன். நீ சிரித்துவிட்டாய். துடைக்கவும் இல்லை. அந்தப் பொட்டு வைத்ததற்கு நான் இன்றுவரை வருத்தப்படவில்லை, இனிமேலும் மாட்டேன்.

லீவு முடிந்து போய்க் கதவைத் திறந்தால் அறை அடுப்படி மாதிரி புழுங்கிக் கிடந்ததாம். ஆறுமுகம் வருஷா வருஷம் செய்கிற மாதிரியே மொத்த மெயினையும் இறக்கிவிட்டார். கேட்டதற்கு, "மிஷினுக்கும் ஒரு நாள் கண்ணசர வேண்டாமுங்களா, அம்மணி" என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றாராம். அவருக்கு மேடம் சொன்னது ஞாபகமே வரவில்லை. பாட்டில் பாட்டிலாகப் பூஞ்சை. நீ ஒவ்வொன்றாக எடுத்துக் கொட்டினாய் என்று ஷர்மிளா சொன்னாள். வீட்டுக்கு வந்த இரண்டில் ஒன்றும் கருத்துப்போனது. மிஞ்சின ஒன்று மட்டும், குங்குமம் வைத்த அது, நம் டியூப்லைட் வெளிச்சத்தில் கொழுந்து விட்டு, மூன்று பிரிவாகக் கொள்ளு இலை விரித்து நின்றது. நீ அதன் முன்னால் தரையில் உட்கார்ந்து, "வந்துருச்சும்மா, வந்தே போட்டுதும்மா" என்று சொன்னாயே. யாழினிக்கு ஒன்றும் புரியாமல் அவளும் கை தட்டினாள். நம் வீட்டில் அந்த மாதிரி ஒரு சந்தோஷம் அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

அந்தப் பாட்டிலைத்தான் நீ சோதனைக் கூட்டத்துக்குக் கொண்டு போனாய். கூட்டம் என்றால் நீ சாப்பிடமாட்டாய் என்று எனக்குத் தெரியும். கேரியரில் சோறு கட்டிக்கொண்டு வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்திருந்தது. வேலுச்சாமி சார் பாட்டிலைக் கையில் எடுத்தார்.

"இந்தச் செவப்பு என்னம்மா?"

"குங்குமமுங்க சார்."

"ஆய்வுக்கூடத்துல குங்குமம் எப்படி வந்துச்சு?"

"ஆயுதபூஜை லீவுக்கு ஊட்டுக்குக் கொண்டு போயிருந்தேனுங்க சார்."

"யாரைக் கேட்டுட்டு?"

நீ திரும்பி மேடத்தைப் பார்த்தாய். அவரே சொல்லட்டும் என்று விட்டாய், அதுதான் மரியாதை என்று நினைத்தாய். மேடம் முன்னால் இருந்த தண்ணீர் டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்: "என் கவனத்துக்கு வரலைங்க சார்."

நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். உள்ளேயிருந்து நீ என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாய், வராதே என்று. நின்றேன். வேலுச்சாமி சார் விடவில்லை. "இங்க இருந்ததெல்லாம் செத்துப்போச்சு. ஊட்டுக்குப் போனது மட்டும் எலை உட்டுருக்குது. நம்ம பக்கத்துல கொள்ளு இல்லாத அடுப்படி இருக்குதுங்களா? மொளைக்கட்டின கொள்ளு ஒண்ணைப் போட்டு மூடிப்போட்டா யாருக்குத் தெரியும்?" என்றார். அப்போதுதான் வாசலில் நிற்கிற என்னைப் பார்த்தார். "யாருங்க அது? கேரியர்ல என்ன?" என்று கேட்டார். நான் பொய் சொல்கிறவள் இல்லை. "கொள்ளுப்பருப்பும் சோறுமுங்க" என்றேன். அந்த அறை முழுக்கச் சிரித்தது. "சரியாப்போச்சு, சாட்சியே சாப்பாட்டோட வந்துருக்குது" என்றார் அவர். மேடமும் சிரித்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதையும் நான் பார்த்தேன்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "அவர் கேட்டது சரிதாம்மா, சந்தேகப்பட்டுத்தான் ஆகணும்" என்றாய். ஆனால் மறுவாரமே நீ செய்தது என்ன! வேலுச்சாமி சாரிடமே போய், "முதல்ல இருந்து செய்யறேனுங்க சார், நீங்களே கூட இருந்து பாருங்க" என்று கூப்பிட்டாய். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது உனக்கு? இலையைச் சீவும்போது அவர் நின்றார். மூடியின் மேல் அவரே காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். ஒரே ஒரு செல் இரண்டாகப் பிரிவதை மைக்ரோஸ்கோப்பில் அவர் கண்ணால் பார்த்தார். மாதங்கள் போகப் போக வாரம் தவறாமல் வர ஆரம்பித்தார். முதலில் குற்றம் கண்டுபிடிக்க வந்தவர், பிற்பாடு வாசலிலேயே, "பச்சை வந்துச்சாம்மா?" என்று கேட்டுக்கொண்டு செருப்பைக் கழற்றுவார் என்று ஷர்மிளா சொல்லிச் சிரிப்பாள். மறுபடியும் கட்டி, மறுபடியும் பச்சைப் புள்ளி, இந்தத் தடவை ஒன்றல்ல, பக்கத்துப் பக்கத்தில் பல நுனிகள். வேர் விட வைத்து, மண்ணுக்கு மாற்றி, பிளாஸ்டிக் பையால் மூடி, ஒவ்வொரு நாளும் பையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்கினாய், குழந்தையை முதல் தடவை வெயிலில் காட்டுகிற மாதிரி. வெளிர் மஞ்சளாகப் பூத்தது. பூத்தாலும் காய் பிடிக்காமல் மலடாகப் போகலாம் என்று நீ பயந்தாய். பிடித்தது! அந்தக் காயைத்தான் அன்றைக்குப் பசுமைக்குடிலில் பிளந்தாய்.

முதல் செடி என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டார்கள். நீ அதை ஒரு மூலையில் தனித் தொட்டியில் வைத்தாய். அதுவும் வளர்ந்தது, அதுவும் பூத்தது. ஒருவரும் படம் எடுக்கவில்லை.

விதையைப் பார்த்த பிற்பாடு வேலுச்சாமி சார் நேராக என்னிடம் வந்தார். "அம்மா, செடியைச் சந்தேகப்படறது என்ற வேலைங்க. உங்களைய வெச்சுச் சிரிச்சது என்ற வேலை இல்லைங்க. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். நான் முறைத்துக்கொண்டே நின்றேன். அவரே, "அன்னிக்குக் கேரியர்ல இருந்து வந்த வாசம் இன்னும் மூக்குலயே நிக்குதுங்க, ஒரு டப்பா எனக்கும் குடுப்பீங்களா?" என்று கேட்டார். அதற்குமேல் எப்படி முறைத்துக்கொண்டு நிற்பது? மறுநாளே செந்திலிடம் கொடுத்தனுப்பினேன், பூண்டு தட்டிப்போட்டு. ஆறுமுகம் கதவோரத்திலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனி ஆயுதபூஜைக்கு நான் அந்தச் சுவிட்சுப் பக்கமே போக மாட்டேனுங்க்கா" என்றார். அந்த மனிதர் பக்தியில் செய்தார், மறந்து செய்தார். அவர் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அங்கேயே இறங்கிவிட்டது.

அப்போதுதான் மேடம் உன் தோளில் கை போட்டுக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினார். "எனக்கு மேகலா மேல ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லைங்க சார். அந்த முதல் பாட்டில்லயே எனக்குத் தெரியும்." நீ கை கூப்பினாய். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இப்போதாவது சொல்வார், நான்தான் கொண்டு போகச் சொன்னேன் என்று அந்த ஒரு வரியைச் சொல்வார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் ஷர்மிளாவின் செல்போனைப் பார்த்துச் சிரித்தார்.

உன் அப்பாவை உனக்கு அவ்வளவாக ஞாபகம் இருக்காது. அவர் தறிக் குடோனில் மேஸ்திரியாக இருந்தபோது நடந்தது ஒன்று சொல்கிறேன். கண்ணம்மா என்று ஒரு பெண், என்னோடு நூல் சுற்றினவள், கழிவு நூலைக் கொஞ்சம் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். பிள்ளைக்குத் தொட்டில் கயிறு திரிக்க. வாசலில் முதலாளி பிடித்துவிட்டார். "திருட்டா?" என்று ஒரு சத்தம். தறியெல்லாம் நின்றுபோனது, அத்தனை பேரும் பார்க்கிறோம். உன் அப்பா எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "நானுதானுங்க எடுத்துக்கச் சொன்னேன்" என்றார். அவ்வளவுதான். முதலாளி ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டார். தறி மறுபடி ஓடியது. உன் அப்பாவுக்கு வேலையும் போகவில்லை, மானமும் போகவில்லை. கண்ணம்மா இன்றைக்கும் நம் வீட்டு விசேஷத்துக்கு முதல் ஆளாக வருகிறாள், பார்த்திருப்பாய்.

நீ சொல்வது எனக்குத் தெரியும். "மேடம் ஒத்துக்கிட்டிருந்தாலும் நான் மறுபடி செஞ்சுதாம்மா ஆகணும்" என்பாய். செய்திருப்பாய், சரி. ஆனால் செடியை நிரூபிக்கச் செய்வது வேறு, திருடி என்ற பேரைக் கழுவச் செய்வது வேறு. அந்த மாதங்களில் நீ பாதிச் சோற்றில் எழுந்து போனதை நான்தான் பார்த்தேன். அவர் உனக்குச் செய்ததையும் நான் மறக்கவில்லை. உனக்கு உதவித்தொகை வாங்கிக் கொடுத்தார், யாழினி பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு ராத்திரி உன்னோடு இருந்தார், சட்டையைக் கழற்றின செல்லை உனக்கு முதன்முதலில் காட்டினவரும் அவர்தான். நல்லவராக இருந்ததால்தான் நீ அன்றைக்கு நம்பி அவர் முகத்தைப் பார்த்தாய். முன்பின் தெரியாதவராக இருந்திருந்தால் நீயே வாயைத் திறந்து சொல்லியிருப்பாய்.

இனிமேல் உனக்குக் கீழே பிள்ளைகள் வேலை செய்யும். அதில் ஒன்று பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, நாலு பெரிய மனிதர்களுக்கு நடுவில், திரும்பி உன் முகத்தைப் பார்க்கும். அந்த நேரத்தில் உன் பதவி ஞாபகம் வரும், சட்டம் ஞாபகம் வரும், பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது என்றும் தோன்றும். நீ கொண்டு போகச் சொல்லியிருந்தால், "நான்தான் சொன்னேன்" என்று சொல்லிவிடு, கண்ணு. ஒரு பெரிய ஆராய்ச்சியும் வேண்டாம் அதற்கு. தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைக்கிற நேரம்கூட ஆகாது.

போகிறதுக்கு முன்னால் மேடம் வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்க வேண்டும், அம்மா நீயும் வா, பழசை விட்டுவிடு என்று நேற்றுக் கேட்டாய். நீ போ. பழம், பூ, சேலை எல்லாம் நானே வாங்கித் தருகிறேன். காலில் விழு, அது உனக்கும் உன் குருவுக்கும் உள்ள கணக்கு, அதில் நான் தலையிட மாட்டேன். எனக்கு நீ முக்கியம், அந்தக் கொள்ளு முக்கியம், ஹைதராபாத்தில் உன் புது அறைக்கு நான் வந்து பார்ப்பது முக்கியம், இப்போதே பெட்டி கட்டி வைத்திருக்கிறேன். உன் அத்தையைக்கூட மன்னித்துவிட்டேன், போன வாரம் அவளே வந்து, "அந்தக் கொள்ளு வெதையில ரெண்டு எனக்கும் காட்டச் சொல்லு" என்று கேட்டாள். எல்லாரையும் விட்டாயிற்று. என் கண் முன்னால் சரி என்று சொல்லிவிட்டு, என் கண் முன்னாலேயே இல்லை என்று சொன்னவர், கடைசியில் என் கண் முன்னாலேயே எல்லாம் தெரியும் என்றும் சொன்னவர், அவர் வீட்டு வாசலுக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதே. நான் சாகிறவரைக்கும் மன்னிக்க மாட்டேன், சரோஜாவை.